பூனாகலையில் கேட்டார்கள்: பஸ்ஸா, ஹயரிங் காரா?

1

பூனாகலையிலிருந்து அந்தக் கசெட் வந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அன்று காலையும் வழக்கம்போல எழுந்ததும் ஏரியைத்தான் பார்த்தேன்.

நான் அப்போது இருந்தது கனடாவில், மனிடோபா மாகாணத்தின் வடக்கே, தார் ரோடு முடிந்துபோகும் ஒரு சின்ன ஊர். ரோடுதான் அங்கே முடிகிறது, ஊர்கள் முடியவில்லை. அதற்கும் வடக்கே ஏரிக்கரைகளில் எத்தனையோ கிராமங்கள். அந்த மண்ணின் பூர்வீகக் குடிகள், மீன் பிடிக்கிறவர்கள், வேட்டைக்குப் போகிறவர்கள். அங்கெல்லாம் போக வேண்டுமென்றால் சின்ன விமானம்தான். கோடையில் சக்கரத்துக்குப் பதிலாக மிதவை பூட்டித் தண்ணீரில் இறங்குவோம். பனி உறையும் மாரியில் மிதவையைக் கழற்றிவிட்டு நீண்ட சறுக்குக் கட்டைகளைப் பூட்டி, அதே ஏரியின் பனிக்கட்டி மேல் இறங்குவோம். காலையில் ஏரியைப் பார்ப்பது அதனால்தான். தண்ணீரில் சுருக்கம் விழும் பக்கத்தைக்கொண்டு காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். பனிக்கட்டி சாம்பல் நிறமாக இருந்தால் அது பாரம் தாங்காது, அன்றைக்கு வேலை கிடையாது.

அந்த விமானங்களில் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தவள் நான். இலங்கை மலைநாட்டில், பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவர் முத்தையாவின் மூத்த மகள், மகேஸ்வரி. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள். பிறகு பள்ளிக்கூடத்துக்கு மேலேயே பறந்து போகக்கூடியவளாக ஆனவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. பக்கத்தில் ஆள் இருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன்.

தோட்டத்துப் பிள்ளை எப்படி விமானியானாள் என்று பலர் கேட்கிறார்கள். கனடாவுக்கு நான் வந்தது தாதியாக. பண்டாரவளையில் உயர்தரம் படித்து, கொழும்பில் தாதிப் பயிற்சி முடித்து, இந்த வடக்கத்தி ஆஸ்பத்திரியில் வந்து விழுந்தேன். கிராமங்களிலிருந்து நோயாளிகளை விமானத்தில் கொண்டுவரும்போது பக்கத்தில் உட்கார்ந்து சேலைன் போத்தலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு தடவை ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றி வந்தோம். அவள் தூங்கிவிட்டாள். நான் முன்பக்கம் எட்டி விமானியின் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இவ்வளவுதானா, என்று நினைத்தேன். இவ்வளவு மட்டும் இல்லை என்பது படிக்கத் தொடங்கிய பிறகு தெரிந்தது. தாதிச் சம்பளமெல்லாம் பறக்கும் வகுப்புக்கே போனது. ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு பல மாரிகளை ஓட்டினேன். கடைசியில் அந்த விமானங்களின் முதலாளியம்மாவே எனக்கு வேலை கொடுத்தாள். முன்பு பின் சீட்டில் வந்தவள் முன் சீட்டுக்கு மாறினேன், அவ்வளவுதான்.

2

முதலாளியம்மாவின் பெயர் டோரீன். வாட்டசாட்டமான பெண். தகரக் கூரை போட்ட ஒபிஸில் ஒரு தொலைபேசி, ஒரு வானொலி, அணையாத அடுப்பில் ஒரு கோப்பிக் கேத்தல், இவ்வளவுதான் அவள் இராச்சியம். தொலைபேசி அடித்ததும் யன்னலைத் திறந்து கத்துவாள்: "மாஹி! முட்டை, மண்ணெண்ணெய், ஒரு பாதிரியார்!" மகேஸ்வரி என்ற பெயர் அவள் வாயில் மாஹி என்று சுருங்கிவிட்டது. நான் முட்டையை முன்னாலும் மண்ணெண்ணெயைப் பின்னாலும் பாதிரியாரை நடுவிலும் ஏற்றிக்கொண்டு கிளம்புவேன்.

இதற்குப் பெயர் சார்ட்டர். யார் கூப்பிட்டாலும் அவர்களுக்காகப் போவது. பல்வலிக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், படகு எஞ்சின், சங்கிலியில் கட்டிய நாய்கள், ஒரு தடவை கலியாண உடுப்போடு ஒரு மணப்பெண். நேர அட்டவணை கிடையாது. பறந்த மணிக்குச் சம்பளம். பனி உருகியும் உருகாமலும் இருக்கும் வாரங்களில் மிதவையும் உதவாது, கட்டையும் உதவாது. அப்போது சம்பளமும் இல்லை.

அப்படிச் சில வாரங்கள் கழிந்த நேரத்தில்தான் வின்னிபெக் நகரத்திலிருந்து ஒரு விமான நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. நாட்டைக் கடக்கிற பெரிய கம்பனி இல்லை. சுற்றுவட்டாரத்துப் பட்டணங்களுக்கு மணி தவறாமல் ஓடுகிற பிராந்தியக் கம்பனி. இரண்டு எஞ்சின், பத்தொன்பது பயணிகள், இரண்டு விமானிகள். இடது சீட்டில் கப்டன், வலது சீட்டில் துணை விமானி. அந்த வலது சீட்டு எனக்கு.

மாதச் சம்பளம், யூனிபோம், லீவு எல்லாம் உண்டு. ஆனால் அங்கே எல்லாமே எண்தான். சேர்ந்த நாளின்படி ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எந்தப் பாதை, எந்த நாள் ஓய்வு, எப்போது கப்டன் ஆவது, எல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான். புதிதாகச் சேர்கிறவள் பட்டியலின் அடியில் இருப்பாள். வியாபாரம் படுத்துவிட்டால் முதலில் வீட்டுக்குப் போவதும் அவள்தான். டோரீனிடம் நான் தனி ராணி. அங்கே போனால் கப்டன் மனசு வைத்தால்தான் விமானத்தை இறக்கக்கூட எனக்குக் கிடைக்கும்.

இதையெல்லாம் நான் ஒரே நாளில் தட்டிக் கழித்திருப்பேன். ஒரு விஷயம் மட்டும் தடுத்தது. அந்தக் கம்பனியில் வேலை செய்கிறவர்களின் தாய் தகப்பனுக்கு, மற்றக் கம்பனிகளின் விமானங்களிலும் மிகக் குறைந்த கட்டணத்தில் டிக்கட் உண்டு. நான் வீட்டை விட்டு வந்து எட்டு வருடம். டோரீன் தரும் சம்பளத்தில் நான் அங்கே போவதும் கனவு, அவர்கள் இங்கே வருவதும் கனவு. ஆக, மனசுக்குப் பிடித்தது சார்ட்டர். அப்பா அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் கம்பனி. அடுத்த மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு பக்கத்தையும் ஒரு கசெட்டில் பேசி வீட்டுக்கு அனுப்பினேன். அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அப்பாவுக்குப் பெயர்ப்பலகை வாசிக்கத் தெரியும். எங்கள் வீட்டில் கடிதமென்றால் இன்னொருவரைத் தேடிப் போக வேண்டும். கசெட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

தமிழ் பேச ஆள் இல்லாத ஊரில் கசெட்டின் ஒரு பக்கம் முழுவதும் தமிழ் பேசியதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. மறுநாள் காலை, பெரிய விமான நிலையமொன்றின் பக்கமாகப் பறக்கும்போது கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஏதோ கேட்டார்கள். நான் வானொலியில் மிகுந்த மரியாதையோடு, "ஆமாங்க" என்றேன்.  பிறகு, "திருப்பிச் சொல்லுங்கள்?" என்றார்கள். அதற்குப் பிறகு அந்தக் கோபுரத்தில் என் பெயரே ஆமாங்க. "காலை வணக்கம், ஆமாங்க. காற்று மேற்கிலிருந்து, ஆமாங்க." நான் ஒரு தடவைகூட அதைத் திருத்தவில்லை. அந்தச் சொல்லுக்கும் வானத்தில் ஓர் இடம் கிடைத்ததே.

3

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் கசெட்டில் பேசியதன் கனம் உங்களுக்குத் தெரியாது.

தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளைப் பண்டாரவளை ஸ்டேசனுக்குக் கொண்டுபோவது அவருடைய லொறி. நான் பண்டாரவளையில் படிக்கப் போனதும் அதே லொறியில்தான். வெள்ளை யூனிபோமில் தூசி படக்கூடாதென்று சீட்டில் ஒரு சுத்தமான சாக்கை விரித்து வைத்திருப்பார். "ஏறுங்க டீச்சரம்மா" என்பார். அப்போது எனக்குப் பத்து வயது. வளைவு வரும்போது அவர் கிளச்சை மிதிப்பார், "போடு" என்பார், நான் இரண்டு கையாலும் கியரை இழுத்துப் போடுவேன். சரியாக விழுந்தால் ஹோர்ன் அடிப்பார். எதிரில் யாரும் வரமாட்டார்கள். அது எனக்காக அடிக்கும் ஹோர்ன்.

கீழேயிருந்து அரசாங்கத்துச் சிவப்பு பஸ் வந்தால் மட்டும் லொறியை ஒதுக்கி நிறுத்திவிடுவார். பஸ் டிரைவர் கையைத் தூக்குவார், அப்பாவும் தூக்குவார். பஸ் அந்த வளைவில் திரும்பி முடியும்வரை அதன் பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "இவன் ரெண்டு தடவ பின்னுக்கு எடுக்குறான். நானா இருந்தா ஒரே திருப்பு" என்பார்.

அவருக்கு அந்த பஸ் கிடைக்கவில்லை. அரசாங்க வேலைக்குப் பிரஜாவுரிமை வேண்டும். இளவயதில் அவர் கேட்டுப் போனபோது, தோட்டத்து மக்களை இந்தியர்கள் என்று தள்ளி வைத்திருந்ததால், எங்கள் குடும்பத்துக்கு அது இல்லை. மாவட்ட அரசாங்க அலுவலகமான பதுளைக் கச்சேரிக்கு நடையாக நடந்து, ஒருவழியாக அந்தக் காகிதம் கையில் கிடைத்தபோது, பஸ்ஸுக்கு எடுக்கும் வயது தாண்டிப் போயிருந்தது. இதை அவர் அழுதுகொண்டு சொன்னதில்லை. "அந்த பஸ்ஸுக்குத்தான் நான் ஓட்ட குடுத்து வைக்கல" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். எனக்குப் பாஸ்போட் எடுக்க முடிந்தது அதே காகிதத்தால்தான்.

4

கசெட்டுக்கு வருகிறேன். அன்று பலத்த காற்று, பறக்க முடியாத நாள். டோரீனின் ஒபிஸ் மேசையில் வைத்தே போட்டுக் கேட்டேன். அவளும் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு சொல்லும் விளங்காது, ஆனாலும் எழுந்து போகவில்லை.

முதலில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு காசிம் நானாவின் குரல். பண்டாரவளை ஸ்டேசன் வாசலில் ஹயரிங் கார், அதாவது வாடகைக் கார், வைத்திருப்பவர் அவர்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். மருமகன் சவூதியிலிருந்து கொண்டுவந்த ரேடியோ கசெட் பெட்டியைக் காரில் ஏற்றி, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கே கொண்டுவந்திருக்கிறார்.

"சிவப்புப் பட்டன அமத்தினா சரி. ஆ, ஓடுது. பேசுங்க முத்தையா."

"பேசலாமா?"

"ஓடுதுன்னு சொல்றேனே, பேசுங்களேன்."

"மகேசு... அப்பா பேசுறேன். இங்க எல்லாரும் சொகம். அங்க நீ சொகமா?"

கேட்டுவிட்டு அப்பா நிறுத்திவிட்டார். நான் பதில் சொல்வதற்காகக் காத்திருக்கிறார். ஒரு நாய் குரைக்கிறது. யாரோ இருமுகிறார்கள்.

"என்னா நிக்கிறீங்க? அவ அதுக்குள்ளயா இருக்கா?" இது அம்மா.

லயமே சிரித்தது. டோரீனும் சேர்ந்து சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "நீ சொன்னது நல்லா வெளங்கிருச்சு தாயி. பெரிய ஏரோப்ளேன் வந்து பஸ்ஸு. நேரத்துக்கு எடுத்து நேரத்துக்கு விடணும். சின்னது ஹயரிங் காரு. கூப்பிட்டவன் பின்னாடி போவணும். நீ பஸ்ஸுக்குப் போ. யூனிபோம் இருக்கு, பென்சன் இருக்கு. ஹயரிங் காரன்கிட்ட என்னா இருக்கு?"

"முத்தையா, நான் இங்கதான் நிக்கிறேன்" என்றார் காசிம் நானா.

"ஒங்கள சொல்லல நானா. பொதுவா சொல்றேன்."

"பொதுவா சொல்ல பண்டாரவளையில வேற யாருட கார் லயத்துக்கு வருது? மகள், நான் சொல்றத கேளுங்க. பஸ்ல ஏறுற மனுசனுக்கு டிரைவர்ட முதுகுதான் தெரியும். என்ட கார்ல ஏறினவன் கலியாணத்துக்கும் என்னய கூப்பிடுறான், மையத்து அடக்கத்துக்கும் கூப்பிடுறான். இந்தத் தொழில்ல மரியாத ஈக்கிது."

"இருக்கு, இருக்கு. ஏத்தத்துல நின்னா எறங்கித் தள்ளச் சொல்லுவீங்க, அதுவும் இருக்கு" என்றார் அப்பா.

அம்மா குறுக்கே வந்தாள். "பஸ்ஸு ரோட்டோட நின்னுக்கும். நம்ம சின்ன மகனுக்கு மூச்சு முட்டுனப்ப லயத்து வாசலுக்கு வந்தது நானா காருதான். அதயும் சொல்லுங்க."

அடுத்த வீட்டு மாரியாயி அத்தை அதுவரை பொறுத்ததே பெரிது. "அந்தச் சின்ன ஏரோப்ளேன்ல எத்தன பேரு போவலாமாம்?"

"ஆறு பேருன்னு சொன்னா" என்றார் அப்பா.

"அப்ப ஒம்பது பேரு போவலாம்."

இங்கே கொஞ்சம் நிறுத்தி, தோட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்துக்கு ஹயரிங் கார் வந்தால் அது கூப்பிட்டவருக்கு மட்டும் வந்ததாக அர்த்தமில்லை. ஒரு வீட்டில் காய்ச்சல் என்று கார் வரும். காய்ச்சல்காரர் ஏறுவார். துணைக்கு இரண்டு பேர் ஏறுவார்கள். பதுளைக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போகிற அத்தை ஏறுவாள். பண்டாரவளைச் சந்தையில் விற்க ஒரு சேவல் ஏறும். பட்டாளம் முழுவதும் ஏறி முடிந்த பிறகு காய்ச்சல்காரருக்கே இடம் போதாது. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கார் வந்தால் லயத்துக்கு வந்த மாதிரி.

அதனால் அவர்கள் எனக்கு முன்பே முடிவுக்கு வந்திருந்தார்கள். நான் ஹயரிங் ஏரோப்ளேன் ஓட்டினால், என்றைக்காவது அதை எடுத்துக்கொண்டு பூனாகலைக்கு வருவேன். வந்தால் லயமே ஏறும். அப்பா அம்மா, மாரியாயி அத்தை, அவள் தங்கச்சி, தங்கச்சி மருமகள் என்று பெயர்கள் வரிசையாக வந்தன. எங்கே இறக்குவது என்பதில்தான் பிரச்சினை.

"பந்து அடிக்கிற கிரவுண்டுல எறக்கலாம்" என்றார் ஒருவர்.

"அது சரிவால்ல இருக்கு" என்றார் அப்பா, தொழில்காரராக. "எறக்கிறலாம். ஏத்தத்துல எடுக்கத்தான் கஷ்டம்."

"எடுக்க முடியாட்டி நம்ம தள்ளுவோம்" என்றார் காசிம் நானா.

நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. டோரீன் என்னவென்று கேட்டாள். ஒன்பது பேரையும் ஒரு சேவலையும் ஏற்றி, சரிவான கால்பந்து மைதானத்திலிருந்து விமானத்தைத் தள்ளிக் கிளப்பப் போகிறார்கள் என்றேன். அவள் யோசித்துவிட்டு, "சேவல் எத்தனை கிலோ?" என்று கேட்டாள்.

பிறகு சத்தமெல்லாம் ஓய்ந்தது. எல்லாரும் நானாவின் காரைச் சுற்றி நின்றுகொண்டார்கள் போலும். அம்மா மட்டும் ரேடியோவுக்குப் பக்கத்தில் வந்து மெல்லப் பேசினாள்.

"மகேசு. டிக்கட்டுக்காக பஸ்ஸுக்குப் போவலாமான்னு கேட்டியே, அதுதான் எனக்குப் புடிக்கல. எங்களுக்காக நீ ஒண்ண புடிக்கவும் வேணாம், ஒண்ண விடவும் வேணாம். நான் ஒங்களுக்காகத்தான் கொழுந்து எடுத்தேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கியா? எனக்கு மலைக்குப் போவப் புடிக்கும்டி. அங்க போனாத்தான் நாலு கத கேக்கலாம். வீட்டுல ஒங்கப்பாகூட என்னா கத? பஸ்ஸு கததான். ஒனக்கு எத ஓட்டணும்னு கை துறுதுறுங்குதோ அத ஓட்டு. நாங்க செத்தா போயிருவோம்? மெதுவா பாத்துக்கலாம்."

அத்தோடு கசெட் ஓடி முடிந்தது.

5

நான் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். என் விமானம் கயிற்றில் கட்டப்பட்டு ஆடிக்கொண்டிருந்தது. அம்மா என்னை அவிழ்த்துவிட்டாள். இனி நான் யாருக்காகவும் கம்பனிக்குப் போக வேண்டியதில்லை. சார்ட்டர்தான் என் மனசுக்குப் பிடித்தது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேனே, துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா?

குதிக்கவில்லை. என் மனசில் முதலில் வந்து நின்றது அந்த இரட்டை எஞ்சின் விமானம்.

காரணம் எனக்கு உடனே தெரிந்தது. டோரீனின் விமானங்கள் கண்ணால் பார்த்து ஓட்டுபவை. ஏரி தெரிய வேண்டும், கரை தெரிய வேண்டும். மேகம் இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். கம்பனியின் விமானம் மேகத்துக்குள்ளேயே போகும். ஒன்றும் தெரியாத வெள்ளைக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் போய், கடைசியில் சரியாக ஓடுபாதைக்கு முன்னால் வெளியே வரும். பூனாகலையில் வளர்ந்தவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அங்கே மேகம் ரோட்டுக்கே வந்து உட்காரும். லொறி நிற்கும், பஸ் நிற்கும், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்கிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதே என்று லொறிக்குள் உட்கார்ந்து எத்தனை காலைகளில் அந்த வெள்ளையை முறைத்திருக்கிறேன். அதற்குள் நிற்காமல் போக ஒரு வழி இருக்கிறதென்றால், அந்த வழியில் போகாமல் எனக்குத் தூக்கம் வராது.

அப்பா அம்மாவுக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்திருந்தபோது, அந்த வேலையில் எனக்குப் பிடித்ததை நான் பார்க்கவே இல்லை. அம்மா அந்தப் பாரத்தை எடுத்த பிறகுதான் அடியில் என் ஆசை தெரிந்தது. மறுபடி ஒரு பட்டியலின் அடியில் போய் நிற்பதா என்றும் யோசித்தேன். நின்றால் என்ன? பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாளும் கடைசி வாங்கில்தான் உட்கார்ந்தேன். அங்கேயே இருந்துவிடவில்லை.

டோரீனிடம் சொன்னேன். அவள் கோப்பியைக் கீழே வைத்தாள். "அப்போ முட்டையை யார் கொண்டுபோவது?" என்றாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்த பிடியில் என் விலா எலும்பு இரண்டு நாள் வலித்தது. "எங்களிடம் இருந்து போகிறவர்கள் எல்லாரும் அங்கே நன்றாகத்தான் ஓட்டுகிறார்கள்" என்றாள். "அங்கே இருக்கிறவர்கள் இங்கே வந்தால்தான் ஏரியில் விழுகிறார்கள்." சார்ட்டர்காரியின் பெருமை அது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

இப்போது வின்னிபெக்கில் இருக்கிறேன். ஆறாவது மாடி வீடு, யன்னலில் ஏரி இல்லை. காலையில் எழுந்ததும் யூனிபோமை இஸ்திரி போடுகிறேன். ஒரே நாளில் ஒரே பாதையில் நாலு தடவை போய் வருகிறேன். சலிக்கும் என்று பயமுறுத்தினார்கள். இன்னும் சலிக்கவில்லை. ஒரே மலையில் தினமும் கொழுந்து எடுக்கிற பெண்ணைக் கேட்டால் தெரியும், நேற்றைய மலை வேறு, இன்றைய மலை வேறு.

இங்கே யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று எனக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை சோறு அங்கேதான். அவர்களுடைய ஏழு வயது மகள் தாய் தமிழில் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். தாய்க்கு அது பெரிய கவலை. ஒரு நாள் அந்தப் பிள்ளை என்னிடம், தாய்க்குக் கேட்காமல், "அன்ரி, நீங்க போறேங்க, வாறேங்க எண்டு கதைக்கிற தமிழ் பகிடியா இருக்கு. எனக்கும் சொல்லித் தாங்கோ" என்றாள். இப்போது அவள் "வாங்க, சாப்பிட்டீங்களா" என்று பூனாகலைத் தமிழில் என்னை வரவேற்கிறாள். தாய்க்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை.

6

டிக்கட் உரிமை கிடைத்ததும் வீட்டுக்குத் தகவல் போனது. மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற அம்மா மறுநாளே பெட்டி வாங்கிவிட்டாள்.

காகித வேலைதான் இழுத்தது. அம்மாவின் பிறப்புப் பதிவு எங்கும் இல்லை. பிறந்தது பொங்கலுக்கு முந்திய வாரம் என்பது மட்டும் தெரியும், எந்தப் பொங்கல் என்று தெரியாது. அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்து, சத்தியக் கடதாசி முடித்து, கடைசியில் ஒரு திகதி கொடுத்தார்கள். அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. பிறந்தநாள் என்று ஒன்று இருப்பதில் உள்ள வசதி இத்தனை காலம் தெரியாமல் போய்விட்டதே என்றாளாம்.

கொழும்பில் விசாவுக்குப் போனார்கள். கனடாவிலேயே தங்கிவிடுவீர்களா என்று அதிகாரி மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டிருக்கிறார். "அப்ப லொறிய யாரு எடுக்குறது?" என்று அப்பா திருப்பிக் கேட்டிருக்கிறார். விசா கிடைத்தது.

மாரியாயி அத்தைக்குத்தான் மனசு ஆறவில்லை. பஸ்ஸைத் தேர்ந்தெடுத்ததால்தான் தனக்கு இடமில்லாமல் போனது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் அவர்கள் வந்து இறங்கினார்கள். அம்மா நான் அனுப்பிய கோட்டைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். மூன்று விமானம் மாறி வந்த களைப்பு அவள் முகத்தில் இல்லை. அப்பாதான் வெளிறிப் போயிருந்தார். இன்னொருவர் ஓட்டும் வண்டியில் அவரால் உட்கார முடியாது. கொழும்பிலிருந்து வின்னிபெக் வரை வலது காலால் தரையை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"அங்க பிரேக்கு இல்லப்பான்னு யாராவது சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"ஒங்கம்மா சொல்லிக்கிட்டேதான் வந்தா. காலு கேக்கணுமே."

நாலாம் நாள் என் விமானத்தில் ஏற்றினேன். மேற்கே ஒரு பட்டணம், போக ஒரு மணி நேரம். கப்டன் பீட்டர் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும், "இன்று நீ ஓட்டு, நான் வானொலியைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அந்த விமானத்தில் எங்களுக்கும் பயணிகளுக்கும் நடுவே ஒரு திரைதான். அம்மாவும் அப்பாவும் முதல் வரிசையில். திரையைத் திறந்தே வைத்தோம்.

பாதி வழிவரை வெயில். பிறகு இறங்கத் தொடங்கியதும் மேகம். கண்ணாடி முழுக்க வெள்ளை. பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"மகேசு, பனி மூடுது. ஓரமா நிப்பாட்டு."

கப்டன் பீட்டர் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஓரமாக நிறுத்தச் சொல்கிறார் என்றேன். அவருக்கு வந்த சிரிப்பில் வானொலியில் அவரால் ஒழுங்காகப் பேச முடியவில்லை.

"நிப்பாட்ட ஏலாதுப்பா" என்றேன், கருவிகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "சும்மா இருங்க. வழி இருக்கு."

 பாதை காட்டும் ஊசிகள் இரண்டும் நடுவில் நின்றன. கை இலேசாக இருந்தது. வெள்ளை கிழிந்தது. நேர் முன்னால், யாரோ விரித்து வைத்த மாதிரி, இரு பக்கமும் விளக்கெரிய ஓடுபாதை கிடந்தது. இறக்கினேன். நல்ல இறக்கம்தான். நானே சொல்கிறேன்.

கதவு திறந்தது. பயணிகள் எழுந்தார்கள். ஆனால் யாராலும் இறங்க முடியவில்லை. நடைபாதையில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கோட்டும் சேலையுமாக, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

"எறக்குனது என் மக!" என்றாள் முன்னாலிருந்த தொப்பிக்காரரிடம். அவருக்குப் பின்னால் நின்றவரிடம் கப்டனைக் காட்டி, "அந்தத் தொர இல்ல, என் மக! அந்தா இருக்கா பாருங்க, அவ!"

அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அம்மா கை காட்டிய பக்கம் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தொப்பிக்காரர் கை தட்டினார். பின்வரிசைவரை எல்லாரும் தட்டினார்கள். அம்மா அதைத் தனக்குரியதாக ஏற்றுக்கொண்டு, தலையை ஆட்டி, ஒவ்வொருவராக வழிவிட்டு இறக்கினாள்.

விமானம் காலியாயிற்று. அப்பா மட்டும் எழவில்லை. பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எறங்கலயாப்பா? ஒடம்புக்கு முடியலயா?"

"நல்லாத்தான் இருக்கேன்." முன்னால் இருந்த கண்ணாடியையும் கருவிகளையும் என் சீட்டையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "இது இப்ப திரும்பிப் போவுமில்ல?"

"போகும்ப்பா. அரை மணி நேரத்துல."

"அதயும் நீதான் எடுப்பியா?"

"நான்தான்."

அப்பா காலை நீட்டி, சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அப்ப நான் எதுக்கு எறங்கணும்?" என்றார்.